வெண்மணலும் கண்ணாடியும்

நாம் அன்றாடம் பாவிக்கும் போத்தலும் யன்னல் கண்ணாடியும் மணலிலிருந்தே பிறக்கின்றன. எமது திருகோணமலைக் கரையெங்கும் மணல் இருக்க, இலங்கையின் கண்ணாடித் தொழிலுக்கான மணல் மேற்கே நாத்தாண்டிய, மாரவில பகுதிகளிலிருந்து எடுக்கப்படுவது ஏன்?

விடை மணலின் சேர்க்கையில் உள்ளது. நாத்தாண்டிய வெண்மணல் பெரும்பாலும் சிலிக்கா. எமது மாவட்டத்தின் புல்மோட்டை மணலோ இல்மனைற், ரூற்றைல், சேர்கோன் கலந்த கருமணல். தைத்தேனியத்துக்காக அது பெறுமதி மிக்கது. ஆனால் இல்மனைற்றில் இரும்பு உண்டு. சிறிதளவு இரும்பும் கண்ணாடியைப் பச்சையாக்கும். யன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பாருங்கள். அந்தப் பச்சை தெரியும்.

சிலிக்கா உருக ஏறத்தாழ 1700 பாகை செல்சியசு வேண்டும். சோடியம் காபனேற்றைச் சேர்த்தால் அவ்வெப்பநிலை குறையும். ஆயினும் இவை இரண்டும் மட்டும் சேர்ந்தால் நீரில் கரையும் கண்ணாடியே கிடைக்கும். அதைத் தடுப்பது சுண்ணக்கல். இக்கலவையோடு உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் உலையில் இட்டு, ஏறத்தாழ 1500 பாகையில் உருக்குவர். காபனீரொட்சைட்டு வெளியேற, தேன் போன்ற பாகு மிஞ்சும். அச்சினுள் ஊதினால் போத்தல். உருகிய வெள்ளீயத்தின் மேல் பரப்பினால் யன்னல் தகடு. பின்பு மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

உடைந்த கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே உருகும். காபனேற்றுகளைப் போல் காபனீரொட்சைட்டை வெளிவிடாது. எத்தனை முறையும் மீண்டும் கண்ணாடியாகும். கடற்கரையில் எறியப்படும் போத்தலோ ஒருவரின் பாதத்தைக் கிழிக்கும். ஆகவே வெற்றுப் போத்தல்களைச் சேர்த்து, பழைய போத்தல் வாங்குபவரிடம் கொடுப்போம்.