இதயமும் மரபும் பக்கவாதமும்

மூளையின் குருதிக்குழாய் அடைபட்டால் பக்கவாதம் உண்டாகிறது. அவ்வடைப்பு சிலருக்கு இதயத்திலிருந்தே வருகிறது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காவிடின் அங்குக் குருதி தேங்கி உறையும். அவ்வுறைவு பெயர்ந்து மூளையை அடையும். சிறுவயதுத் தொண்டைப்புண்ணைத் தொடரும் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்தோர்க்கும் இவ்விடர் மிகுதி.

மரபும் காரணமாகலாம். அரிவாள் செல் சோகைக்குரிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு இளமையிலேயே பக்கவாதம் வரக்கூடும். வளைந்த சிவப்பணுக்கள் குருதியோட்டத்தைத் தடுப்பதே காரணம். இச்சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பெற்றது.

வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். உறைவைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும்.

வினா: இதயத்தில் உறைந்த குருதி மூளையை எவ்வாறு பாதிக்கிறது?