வீட்டிலிருந்தே துப்பாக்கி சுடும் பயிற்சி: சங்கப் பொறுப்பாளர் கவனத்திற்கு

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தைப்போல் மைதானம் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறும்போது, அமெரிக்காவின் ஃபோர்-எச் முதலிய சிறார் சங்கங்களை நடத்துவோர் செய்யவேண்டியவை:

1. மெய்த் துப்பாக்கியும் தோட்டாவும் திரைமுன் வரவே கூடாதென விதியுங்கள். குழல்முனை திசைமாறினால், தொலைவிலுள்ள ஆசிரியரால் கைநீட்டித் தடுக்க இயலாது.

2. குழல்முனையைப் பத்திரமான திசையில் வைத்தல், தோட்டா ஏற்றும் இயக்கப்பகுதியைத் திறந்துவைத்தல், சுடும் கணம்வரை விசையில் விரல் வையாமை என்னும் மூன்று நியமங்களையும், வெறுங்கோலைத் தோளிற் சார்த்தி நிற்கும் நிலையையும், சுவாசக் கட்டுப்பாட்டையும் பொறுமையுடன் பயிற்றுவியுங்கள். குறி பெரும்பாலும் தேகத்தின் நிச்சலத்தாலேயே அமைவது.

3. பிள்ளைகளின் வீட்டிலுள்ள துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் ஆவல் பெரிது.

4. வகுப்பில் பெரியவர் இருவர் இருக்கட்டும். அது சிறார் க்ஷேமத்திற்கு அவசியம்.

சுடுதல் மட்டும், பயிற்சியாளர் அருகில் நிற்கும் நாள்வரை காத்திருக்கட்டும்.