குடும்ப வைத்தியரும் அவர்தம் தொகையும்

ஒரு தேசத்தில் எத்தனை வைத்தியர் உளர் என்று வினவினால், ஓர் எண்ணை விடையாகக் கூறிவிடலாம். நோயுற்றவன் வேண்டிய வேளையில் ஒரு வைத்தியரைக் காணக் கூடுமோ என்று வினவினால், அவ்வெண் விடையாக மாட்டாது. இவ்விரு வினாக்களும் ஒன்றே என மயங்குவார் பலராதலின், பிரிட்டன் தேசத்துக் குடும்ப வைத்திய முறையைக் கொண்டு இவற்றின் வேற்றுமையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அத்தேசத்தில் 1911-ம் வருஷத்தில் இயற்றப்பெற்ற இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, குறைந்த வருமானமுள்ள தொழிலாளி ஒவ்வொருவனும் ஒரு வைத்தியரின் ஜாபிதாவில் தன் பெயரைப் பதிந்துகொண்டான். வைத்தியருக்கோ, நோய்க்கு இவ்வளவு என்றின்றித் தலைக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் ஊதியம் கிடைத்தது. ஆனால் தொழிலாளியின் மனைவி மக்கள் அச்சட்டத்துள் அடங்கிலர். ஒரே வீட்டில் ஒரே காய்ச்சலால் கிடந்த இருவருள் கணவனுக்கு வைத்தியர் உண்டு; மனைவிக்குக் கையில் காசிருந்தால் உண்டு.

இக்குறை 1948-ம் வருஷம் ஜூலை மாதம் 5-ந் தேதி நீங்கிற்று. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து சுகாதார மந்திரியாகிய அனூரின் பெவன் என்பார் நடத்திய தேசீய சுகாதார சேவை, குடிகள் அனைவர்க்கும் குடும்ப வைத்தியரைக் கட்டணமின்றி அளித்தது. அதற்கு முன் வைத்தியர்கள், கடையை விற்பது போலத் தம் நோயாளிக் கூட்டத்தையே விலைக்கு விற்றுவந்தனர். செல்வர் வாழும் ஊரில் விலை ஏறும். சுரங்கத்தார் வாழும் ஊரில் இறங்கும். புதிய சட்டம் இவ்விற்பனையைத் தடுத்து, அதற்கு ஈடாக 6 கோடியே 60 லட்சம் பவுனை ஒதுக்கிற்று. வைத்தியரை ஊர்தோறும் பரப்பும்பொருட்டு ஒரு கமிட்டியும் அமைந்தது. வைத்தியர் நிறைந்த ஊரில் மேலும் ஒருவர் குடியேறுதலை மறுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வைத்தியரில்லாத ஊருக்கு ஒருவரைப் போகச் செய்யும் அதிகாரமோ இல்லை. வேலியிட வல்லதாயிருந்ததேயன்றி வழிகாட்ட வல்லதாயில்லாத அக்கமிட்டி 2002-ம் வருஷம் வரை நடந்தது.

வேலியின் பயன் எவ்வளவு என்பதை அளந்து கூறியவர், வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்கில் கிளின்கோரக் என்னும் சிற்றூரில் பல்லாண்டு குடும்ப வைத்தியராயிருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பவர். தம்மை நாடி வருவோர்க்கு மருந்து கொடுப்பதோடு அமையாது, தம் ஜாபிதாவிலிருந்த வயதுவந்தோர் ஏறக்குறைய அனைவரையும் தாமே தேடி இரத்த அழுத்தம் அளந்தவர் அவர். நல்ல வைத்தியம் எங்கு மிகுதியும் வேண்டியதோ அங்கு மிகக் குறைவாகவே கிடைக்கின்றது என்றும், வியாபாரத்தின் போக்குக்கு விடப்படுந்தோறும் இவ்விகற்பம் பெருகும் என்றும் 1971-ம் வருஷத்தில் அவர் எழுதினார். இதற்கு உரை விரிக்க வேண்டுவதில்லை. நோய் மிகுந்த ஊரில் ஒவ்வொருவரும் அடிக்கடி வருவர், ஒவ்வொரு முறையும் நெடுநேரம் வேண்டுவர். தலைக்கூலி மாத்திரம் பெரிதும் மாறாது. அத்தகைய ஊர்களில் உள்நாட்டு வைத்தியர் விரும்பாத இடங்களை நிரப்பியவருள், இந்தியாவிலே பயின்று கடல் கடந்து சென்றவர் பலர். அவர்களால் வேல்ஸ் பள்ளத்தாக்குகள் பிழைத்தன. அவர்கள் செல்லாது விட்ட நம் கிராமங்களின் கணக்கை யார் எழுதினார் என்று நாம் கேட்பது முறையாகாதோ?

நிற்க. தொகைக்கு வருவோம். 2015-ம் வருஷத்தில் இங்கிலாந்து அரசாங்கத்தார், 2020-க்குள் 5,000 குடும்ப வைத்தியரை மிகுவிப்போம் என வாக்களித்தனர், அது நிறைவேறவில்லை. 2019-ல் 6,000 என்றனர். அதுவும் அவ்வாறே ஆயிற்று. முழுநேர வேலை என்னும் அளவையால் கணக்கிட்டால், பயிற்சி முடித்த குடும்ப வைத்தியர் 2015-ல் ஏறக்குறைய 29,000 பேர். 2023-ல் 28,000-க்கும் குறைவு. இவ்விடையில் ஜாபிதாவிற் பதிந்தோர் ஏறக்குறைய 5 கோடியே 70 லட்சத்தினின்றும் 6 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்டனர். ஆகவே ஒருவரிடத்து 1,900 பேர் என்றிருந்தது 2,200-க்கும் அதிகமாயிற்று. பயிலும் இளவைத்தியரையும் சேர்த்து எண்ணினால் தொகை வளர்ந்ததாகவே தோன்றும். பகுதி நேரம் உழைப்பாரையும் தலைக்கொன்றாக எண்ணினால் இன்னும் பெரிதாகும். புள்ளி விவரத்தைப் படிக்கும் மாணவர், எண்ணப்பட்டவர் யார் என்பதை முதலிற் காண்க.

இனி, கிடைக்குந்தன்மை. 2004-ம் வருஷத்து உடன்படிக்கையால், இரவிலும் விடுமுறையிலும் நோயாளியைக் காணும் பொறுப்பினின்றும் குடும்ப வைத்தியர் விலக இடமுண்டாயிற்று, பெரும்பாலார் விலகினர். பகலிலோ, காலை 8 மணிக்கு எல்லாரும் ஒருங்கே டெலிபோனில் முயன்று, முந்தியவர் வைத்தியரைக் காண்பதும் பிந்தியவர் மறுநாள் முயல்வதும் பல ஊர்களில் வழக்கமாயின. செவி மந்தமான முதியவரும், 8 மணிக்குத் தொழிற்சாலையில் நிற்பவரும் இப்பந்தயத்தில் முந்துவது எங்ஙனம்?

கண்டாலும், முன்பு கண்ட அதே வைத்தியரைக் காண்பது அரிதாயிற்று. இதனைச் சிறு குறையென்று நாமும் கருதியிருந்தோம். நார்வே தேசத்துக் குடிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஒரு கட்டுரை அக்கருத்தை மாற்றிற்று. ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருஷத்திற்கு மேல் இருந்தவருள் சாவு, ஒரு வருஷமே இருந்தவரைக் காட்டிலும் நான்கில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. அவசரமாக ஆஸ்பத்திரியிற் சேர்வதும் ஏறக்குறைய அவ்வளவே குறைந்தது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பதிவில் ஆண்டு கூடுந்தோறும் பயனும் படிப்படியாகக் கூடிவரக் கண்டனர்.