சிறுநீரில் மிதக்கும் சாட்சி

மாணவர்களே, ஒருவரின் சிறுநீரில் இரத்தம் இருப்பதாகச் சோதனை காட்டுகிறது. அது சிறுநீரகத்தில் கசிந்ததா, சிறுநீர்ப்பையில் கசிந்ததா? இதைக் கண்டறிய நுண்ணோக்கி உதவுகிறது.

ஆய்வுக்கூடத்தில் சுமார் 10 மில்லிலிட்டர் சிறுநீரை மையவிலக்கியில் 5 நிமிடம் சுழற்றுவார்கள். கனமான துகள்கள் குழாயின் அடியில் படியும். அந்தப் படிவில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

அப்போது சிலரது சிறுநீரில் உருளை வடிவப் பொருள்கள் தெரியும். இவற்றுக்கு வார்ப்புகள் என்று பெயர். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்கள் யூரோமோடுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அச்சில் ஊற்றிய அகார் அகார் போல, இப்புரதம் சில வேளைகளில் நுண்குழாய்க்குள்ளேயே உறைகிறது. அங்கிருக்கும் அணுக்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. பிறகு சிறுநீர் அதை வெளியே தள்ளிவிடுகிறது.

வார்ப்புக்குள் சிவப்பணுக்கள் இருந்தால், இரத்தம் சிறுநீரகத்திலேயே கசிந்துள்ளது. பெரும்பாலும் அதன் வடிகட்டிகளில் அழற்சி இருக்கும். வெள்ளணுக்கள் இருந்தால், சிறுநீரகத்தில் கிருமித்தொற்றோ அழற்சியோ இருக்கலாம். அணுக்கள் இல்லாத, கண்ணாடி போன்ற வார்ப்புகள் கடும் உடற்பயிற்சிக்குப் பின் நலமானவர்களிடமும் காணப்படும்.

நேரம் கடந்தால் வார்ப்புகள் சிதைந்துவிடும். ஆகவே, சிறுநீரை 2 மணி நேரத்திற்குள் சோதிப்பது நல்லது. சிறுநீரக நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருந்தால் சிகிச்சைக்கான நல்ல காலம் கடந்துவிடலாம்.

சிந்தியுங்கள்: சிறுநீர்ப்பையில் மட்டும் இரத்தம் கசிந்தால், சிவப்பணு வார்ப்புகள் தோன்றுமா? ஏன்?