புதிதாகப் பூட்டிய கணனி இயங்காவிட்டால்



வயலின் கடைசி வரவைக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் அங்கேயே நின்று மண்ணைக் கிண்டிக்கொண்டிருப்பதில்லை. குளத்துக் கதவு திறந்திருக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, வக்கடை அடைபட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறோம். கணனிக்கும் இதே முறைதான்.

இடம்பெயர்ந்து வந்த இடத்திலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக்கூடாது என்று, வேளாண்மை வெட்டிய காசில் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணனி பூட்டுவோர் உண்டு. பொத்தானை அழுத்தியதும் அது அசையாவிட்டால் காசு வீணாயிற்று என்று மனம் உடைந்துவிடும். மாரி வெள்ளம் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை மூடிவிட்டால் அப்பால் இருப்பவர்கள் கடைக்கு வருவதும் கடினம். ஆனால் புதிதாகப் பூட்டிய கணனியில் பல வேளைகளில் குறை பாகத்தில் இல்லை. பூட்டிய விதத்திலேயே இருக்கும். அதை நாமே கண்டுபிடிக்கலாம்.

முதலில் பாதுகாப்பு

பெட்டிக்குள் கை வைக்குமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கைகளும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த பாகத்துக்கு மின் கொடுக்கவே கூடாது. பவர் சப்ளைப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்னை நிறுத்திய பின்னரும் ஆளைக் கொல்லக்கூடிய மின் அதற்குள் தங்கியிருக்கும்.

பொத்தான் செய்யும் வேலை

1995இல் இன்ரெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்ற அமைப்பை வெளியிட்டது. அதற்கு முந்திய கணனிகளில் பொத்தானே மின்சாரத்தை நேரடியாகத் திறந்து மூடியது. ஏ.ரி.எக்ஸ். அமைப்பில் பொத்தான் மதர்போட்டுக்கு ஒரு சைகை மட்டுமே கொடுக்கிறது. மதர்போட் சொன்னால்தான் பவர் சப்ளை முழுமையாக இயங்கும். இடையில் எந்த இணைப்பு விட்டுப்போனாலும் கணனி பேசாமல் இருக்கும்.

வரிசையாகப் பார்ப்போம்

1. சுவர்: அதே பிளக் பொயின்ற்றில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். அயல் வீட்டிலிருந்து இழுத்த வயர் என்றால் அதன் இரு முனைகளையும் பாருங்கள். ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா?

2. பெட்டியின் பின்புறம்: பவர் சப்ளையில் ஒரு சிறு சுவிச் இருக்கும். கோடு போட்ட பக்கம் இயக்கம். வட்டம் போட்ட பக்கம் நிறுத்தம். பழைய பெட்டிகளில் 115, 230 என்று இன்னொரு சுவிச்சும் இருக்கலாம். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அதை 115இல் விட்டு மின் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துப் பழுதாகும். ஆகவே பிளக்கைப் போடுமுன்பே இதைப் பார்க்க வேண்டும்.

3. இரண்டு மின் இணைப்புகள்: மதர்போட்டுக்கு 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பும், சி.பி.யு.வுக்கு அருகில் 4 அல்லது 8 முனைகள் கொண்ட சிறிய இணைப்பும் தேவை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொளுக்கி 'கிளிக்' என்று விழும்வரை நேராக அழுத்துங்கள்.

4. பொத்தானின் வயர்: பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போட்டின் இரண்டு சிறு ஊசிகளில் பூட்டப்படும். ஊசி மாறினால் பொத்தான் வேலை செய்யாது. எந்த ஊசி என்பது மதர்போட்டுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். வயரைக் கழற்றி, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் ஒன்றாகத் தொடுங்கள். கணனி இயங்கினால் குறை பொத்தானில்தான்.

5. உலோகத் தொடுகை: மதர்போட்டின் கீழே தவறிய திருகாணியோ, துளை இல்லாத இடத்தில் பூட்டிய பித்தளைக் காலோ இருந்தால் மின் குறுக்கே பாயும், கணனி இயங்காது. மதர்போட்டை வெளியே எடுத்து உலர்ந்த காட்போட் மட்டையில் வைத்து, சி.பி.யு., அதன் காற்றாடி, ஒரு நினைவகப் பட்டை ஆகியவற்றுடன் மட்டும் சோதியுங்கள்.

6. மாற்றிப் பார்த்தல்: இதன் பின்னும் அசைவில்லை என்றால் நல்ல நிலையில் உள்ள பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டுங்கள். அதில் இயங்கினால் உங்களுடையதே பழுது. பற்றுச்சீட்டுடன் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காற்றாடி சுற்றியும் திரையில் படம் வராவிட்டால் அது வேறு குறை. நினைவகப் பட்டையைக் கழற்றி மீண்டும் இறுக்கிப் பூட்டுங்கள்; சி.பி.யு.வின் மின் இணைப்பையும் திரையின் வயரையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால், கணனி இயங்கினாலும் எது குறை என்று தெரியாமலே போய்விடும்.

குழுவாகக் கலந்துரையாட

• உங்கள் வீட்டு மின் இணைப்பு பாதுகாப்பானதா? யாரிடம் காட்டிச் சரிபார்க்கலாம்?
• நீரிறைக்கும் இயந்திரம் இயங்காதபோது எந்த வரிசையில் பார்க்கிறீர்கள்? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?
• இரவல் கொடுக்கக்கூடிய பாகங்களும் கருவிகளும் உங்கள் அயலில் யார் யாரிடம் உள்ளன?