டேங்க் நிரம்பியதும் கூப்பிட இரண்டு டிரான்சிஸ்டர்

மயிலாப்பூர் சந்துகளில் மாடி டேங்க் வழிந்து தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். அதனால், டிரான்சிஸ்டர் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக டேங்க் அலாரத்தைத்தான் கொடுக்கிறேன்.

1. முதலில் ஒரே ஒரு பி.சி.547 வைத்துச் செய்து பாருங்கள். சப்ளை 12 வோல்ட். டேங்குக்குள் இரண்டு கம்பி. கம்பி அரிக்காமல் இருக்க வழியில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர். பேஸுக்குப் போவது சுமார் 11 மைக்ரோ ஆம்பியர். கெயின் 200 என்றாலும் கலெக்டரில் 2 மில்லி ஆம்பியர்தான் வரும். அலாரத்தை அடிக்கவைக்கும், 400 ஓம் காயில் உள்ள ரிலேக்கு 30 வேண்டும். அசையாது.

2. இப்போது முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதன் பேஸில் கொடுங்கள். இரண்டு கலெக்டரையும் சேர்த்துவிடுங்கள். கெயினைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: நூறும் இருநூறும் 20,000. ரிலே டக்கென்று இழுக்கும். பெல் ஆய்வகத்தின் சிட்னி டார்லிங்டன் இதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலேயே டார்லிங்டன் ஜோடி என்கிறோம்.

3. கசிவும் அதே அளவு பெருகும். அடையாற்றில் ஒரு வீட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த அலாரம், ஐப்பசி மழையில் காலி டேங்குக்கு இரவெல்லாம் அடித்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை. மறுநாள் போர்டைக் கழற்றினால், முதல் பேஸைச் சுற்றி நான் துடைக்காமல் விட்ட சால்டர் பிளக்ஸ். அதன்மேல் உப்புக் காற்றின் ஈரம். ஒன்றரை மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே ரிலே இழுத்துவிடும். அன்றிலிருந்து முதல் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 330 கிலோ ஓம் போடாமல் நான் எதையும் கொடுப்பதில்லை. 4 மைக்ரோ ஆம்பியர் கசிவு வரை அது வாங்கிக்கொள்ளும். இரண்டாவதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 கிலோ ஓம் வையுங்கள், ஜோடி சீக்கிரம் அணையும். போர்டை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் வார்னிஷ் பூசுங்கள். கடலோர ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

4. முழுக்கத் திறந்தாலும் இந்த ஜோடியில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். ரிச்சி தெருவில் டி.ஐ.பி.122 டார்லிங்டன் வாங்கி மோட்டார் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள்: 3 ஆம்பியரில் 2 வோல்ட் வரை நிற்கலாம். 6 வாட் சூடு. ஹீட்சிங்க் கட்டாயம்.

5. பேஸில் 1.4 வோல்ட் கொடுக்க வழியில்லையா? என்.பி.என். ஒன்றும் பி.என்.பி. ஒன்றுமாகச் சேர்ந்த ஸிக்லாய் ஜோடி 0.7-லேயே திறக்கும். பழைய 2என்3055 ஆம்ப்ளிஃபயர் கிடைத்தால் திறந்து பாருங்கள், பலவற்றில் மேல்பாதி டார்லிங்டன், கீழ்ப்பாதி ஸிக்லாய்.

6. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போடுங்கள்.

7. டேங்குக்குள் செம்புக் கம்பி வேண்டாம். மின்சாரம் அதைக் கரைத்துக் குடிக்கிற தண்ணீரில் விடும். பழைய எவர்சில்வர் ஸ்பூன் காம்பு இரண்டு போதும்.