"மாமா ஏன் நன்மை வாங்கவில்லை?"

திருமணத் திருப்பலி ஒன்றில் நற்கருணை வழங்கும் நேரம். மணமகளின் வீட்டார் எழுந்து வரிசையாக வருகிறார்கள். மணமகனின் வீட்டாரோ தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவர்கள், வாங்கிலேயே இருந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இது புதிய காட்சியன்று. வீடு திரும்பியதும் பிள்ளை கேட்கும்: "மாமா ஏன் நன்மை வாங்கவில்லை?"

முன்னாளில் 'அவர்கள் பதிதர்' என்ற ஒரே சொல்லோடு பெரியவர்கள் பேச்சை முடித்துக்கொண்டார்கள். இன்று, 'அவர்களுக்கு அது வெறும் அப்பந்தான்' என்கிறோம். இந்தப் பதில் சரிதானா?

அன்பார்ந்த வாசகர்களே, 1529 ஒக்டோபரில் ஜெர்மனியின் மார்பூர்க் கோட்டையில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பக்கத்தில் மார்ட்டின் லூத்தர். மறுபக்கத்தில் சூரிக் நகரத்துச் சுவிங்கிலி. இருவரும் நமது திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்களே. 15 விடயங்களில் 14இல் அவர்கள் உடன்பட்டார்கள். கடைசி விடயம் நற்கருணை. ஆண்டவரின் உடலும் இரத்தமும் அப்பத்திலும் இரசத்திலும் மெய்யாகவே உள்ளனவா என்ற கேள்வியில் பிரிந்துபோனார்கள்.

இராவுணவின்போது ஆண்டவர் சொன்ன வார்த்தைகளை லூத்தர் மேசையில் வெண்கட்டியால் எழுதிவைத்து, அவற்றை விட்டு விலக மறுத்தார். சுவிங்கிலியோ, அங்கே 'இருக்கிறது' என்னும் வினைச்சொல்லுக்குக் 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார். அந்த வினைச்சொல் இல்லாமலே தமிழில் வசனம் நிறைவுபெற்றுவிடும்! ஆகவே இது இலக்கணத்தால் மட்டும் தீரக்கூடிய வழக்கன்று என்பது தெளிவு.

புரொட்டஸ்தாந்து சகோதரர் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடும் அதனுள்ளும் கிறீஸ்துவின் உடல் மெய்யாகவே உண்டு என்றார் லூத்தர். சுவிங்கிலிக்கு அது முதன்மையாக நினைவுகூரும் அடையாளம். கல்வின் நடுவே நின்றார்: அப்பம் மாறுவதில்லை, ஆயினும் அது வெறும் அடையாளமுமன்று, விசுவாசத்தோடு உண்பவனைப் பரிசுத்த ஆவியானவர் கிறீஸ்துவோடு உண்மையாகவே இணைக்கிறார் என்றார்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் கல்வினின் மரபில் வளர்ந்தவர்கள். அவர்கள் உருவாக்கிய சபைகளே 1947இல் தென்னிந்திய திருச்சபையில் இணைந்தன. மெதடிஸ்த சபையின் முன்னோடிகளான வெஸ்லி சகோதரர், 1745இல் ஆண்டவரின் இராப்போசனத்தைப் பற்றியே 166 கீதங்கள் கொண்ட நூலை வெளியிட்டார்கள். வெறும் அப்பம் என்று எண்ணியவர்கள் இப்படிச் செய்வார்களா?

அப்படியானால் நமது விசுவாசம் என்ன? வசீகரத்தின்போது அப்பத்தின் நிறம், சுவை, வடிவம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் அது இன்னதென்று ஆக்கும் உட்பொருள் முழுவதும் கிறீஸ்துவின் உடலாகிறது. இந்த மாற்றத்தைக் குறிக்கும் பதத்தை 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் எடுத்தாண்டது. 1551இல் திரெந்து சங்கம் இப்படிப்பினையை வரையறுத்தது. பதம் பிந்தியது, விசுவாசமோ முந்தியது. 2ஆம் நூற்றாண்டிலேயே வேதசாட்சியான புனித யுஸ்தீன், நாம் இதைச் சாதாரண அப்பமாகப் பெறுவதில்லை என எழுதினார். ஆகவேதான் திருப்பலி முடிந்த பின்பும் பேழையின் முன் முழந்தாளிடுகிறோம். நோயாளரிடம் நன்மை கொண்டுபோகிறோம். கீழைத் திருச்சபையாரும் மெய்யான பிரசன்னத்தை விசுவசிக்கிறார்கள். மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்று ஆராய்வதைவிட, அதை மறைபொருளாகவே வணங்க விரும்புகிறார்கள்.

நன்மை வாங்கும்போது நாம் சொல்லும் 'ஆமென்', ஆண்டவருக்கு மாத்திரமன்றி, அவருடைய திருச்சபையின் விசுவாசம் முழுவதற்குமான சம்மதமாகும். அந்தச் சம்மதம் இன்னும் ஒன்றாகாதபோது, ஒன்றாகிவிட்டதுபோல் காட்டுவது உண்மையாகாது. மாமா எழுந்து வராததற்குக் காரணம் இதுவே, பகையன்று. குருத்துவம் பற்றிய வேறுபாடும் நம்மிடையே உண்டு. ஆயினும் அவர்கள் தங்கள் திருவிருந்தில் ஆண்டவரின் மரணத்தையும் உயிர்ப்பையும் நினைவுகூர்ந்து, அவருடைய வருகைக்குக் காத்திருக்கிறார்கள் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதிப்போடு எடுத்துரைத்தது. 1982இல் பெரு நாட்டின் லீமா நகரில் பல சபைகளின் இறையியலாளர்கள் ஞானஸ்நானம், நற்கருணை, திருப்பணி பற்றிய பொது ஏட்டை ஏற்றபோது, கத்தோலிக்க இறையியலாளர்களும் உடனிருந்தார்கள்.

ஆகவே பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: "மாமாவும் யேசுவை நேசிக்கிறார். ஆனால் நாமும் அவரும் இன்னும் ஒரே மேசையில் அமரவில்லை. அது ஆண்டவருக்கும் துக்கம். அதற்காக மன்றாடுவோம்."

பின்பு நம்மையும் ஒரு கேள்வி கேட்போம். மெய்யாகவே இருக்கிறார் என்று விசுவசிக்கும் நாம், முற்றத்து மரத்தடியில் நின்று பேசுவதும், நன்மை வாங்கிய கையோடு இறுதி ஆசீருக்கும் நில்லாமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு போவதும் ஏன்? வாங்கில் அடக்கமாக இருந்து மன்றாடும் அந்த மாமா, இதைக் கண்டால் நமது விசுவாசத்தைப் பற்றி என்ன எண்ணுவார்?